கடன் சொல்லிக் கற்றல்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காரைநகர் நோக்கிச் செல்லும் தெருவிலே, மானிப்பாயைக் கடந்ததும் வருவது சண்டிலிப்பாய். அயலூராகிய அந்த மானிப்பாயிலே அமெரிக்க மிசனாரிமார் நடத்திய அச்சுக்கூடத்திலிருந்து 1842ஆம் ஆண்டிலே தமிழ் அகராதி ஒன்று வெளிவந்தது. 58,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதியைத் தொகுத்தவர்களுள் உடுவிற் சந்திரசேகர பண்டிதர் முதன்மையானவர். இருபது ஆண்டுகள் கழித்து, 1862இலே, வின்சுலோ பாதிரியாரின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதி சென்னையில் அச்சேறியது. வின்சுலோவும் முன்னர் உடுவிலில் வாழ்ந்தவரே. அப்பேரகராதியின் முகப்பேட்டை நோக்குவோர் அங்கே குறிப்பிடத்தக்க ஒன்றைக் காண்பர். காலஞ்சென்ற யோசேப்பு நைற் பாதிரியார் விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புக்களும், பிறருடைய குறிப்புக்களும் இந்நூலுக்கு ஓரளவு ஆதாரமாயின என்பதையும், தகுதிவாய்ந்த நாட்டறிஞர் துணைபுரிந்தனர் என்பதையும் வின்சுலோ தம் பெயருக்குக் கீழேயே பொறித்து வைத்தார்.

இறந்தவர் எழுந்து வந்து தம் உழைப்புக்குப் பங்கு கேட்கப்போவதில்லை. அவருடைய குறிப்புக்களோ அச்சேறாதவை. அவற்றை எடுத்தாண்டதை மறைத்திருந்தால் கண்டுபிடிப்பார் அரியர். ஆயினும் அவ்வொரு குறிப்பு முகப்பேட்டில் இடம்பெற்றது. அந்நாட்டறிஞர் இன்னார் இன்னார் என்று அதே ஏட்டிலே பெயர் காணப்படாமை தமிழர் நெஞ்சிற்குக் குறைதான். பாதிக் கடனைத் தீர்த்து மீதியை நிலுவையாக விட்டதுபோன்றது அது. எனினும் கடன் உண்டு என்பதாவது ஒப்புக்கொள்ளப்பட்டது.

இக்காலப் பல்கலைக்கழகங்களிலே கல்விசார் முறைகேடு என்று பேசப்படுவதன் பெரும்பகுதி இத்தகைய ஒரு குறிப்பு இல்லாத குறையே. 1974ஆம் ஆண்டிலே வளாகமாகத் தொடங்கி, 1979இலே தனிப் பல்கலைக்கழகமாகிய திருநெல்வேலிக் கழகத்துக்கோ, பேராதனைக்கோ, கொழும்புக்கோ சண்டிலிப்பாயிலிருந்து ஒரு பிள்ளை போகிறதென்றால் வீட்டார் பெட்டி படுக்கை பற்றியும் தங்குமிடம் பற்றியும் கவலைப்படுவர். அங்கே எழுதவேண்டிய முதலாவது ஒப்படையைப்பற்றி எவரும் எண்ணுவதில்லை. பிள்ளை இடறுவதோ பெரும்பாலும் அங்கேதான்.

பரீட்சை மண்டபத்துக் குற்றங்களைப்பற்றி நெடிது பேசவேண்டுவதில்லை. துண்டுக் கடதாசி கொண்டுபோதல், அயலிருப்பவரின் விடையைப் பார்த்தெழுதுதல், கைத்தொலைபேசியை ஒளித்து வைத்திருத்தல், ஒருவருக்காக இன்னொருவர் ஆள்மாறாட்டஞ் செய்து எழுதுதல் ஆகியவை குற்றம் என்பதை அறியாத மாணவர் இலர். பல்கலைக்கழகங்களின் பரீட்சை விதிகள் அவற்றை வகைப்படுத்தித் தண்டனையும் வகுத்துள்ளன. அரசாங்கப் பரீட்சைகளுக்கென 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பரீட்சைச் சட்டமும் இருக்கின்றது. அறிந்தே செய்வாரை விதி பார்த்துக்கொள்ளும். அறியாமலே செய்வாரைப்பற்றியே இங்கு ஆராய்தல் தகும்.

ஊர்க் கடையிலே கடன் சொல்லிச் சாமான் வாங்குவோர் உளர். கடைக்காரர் கொப்பியை எடுத்து, பெயரையும் சாமானையும் தொகையையும் எழுதிக்கொள்கிறார். வாங்கியவர் தலைநிமிர்ந்தே வீடு செல்கிறார். அதே அரிசியை, அதே சீனியை, எவரும் காணாதபோது எடுத்து மடியிலே கட்டிக்கொண்டு போனவருக்கு ஊரில் வேறு பெயர். சாமான் ஒன்றே, கொப்பியில் எழுத்து உண்டா, இல்லையா என்பதே வேறுபாடு. பல்கலைக்கழகம் மாணவனிடம் கேட்பதும் இதுவே. பிறர் நூலிலிருந்து எடுக்காதே என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. எடுக்காமற் படிக்க எவராலும் இயலாது. எடுத்ததைக் கொப்பியில் எழுது என்றே அது சொல்கின்றது. அக்கொப்பிக்கு அடிக்குறிப்பு என்றும் உசாத்துணை நூற்பட்டியல் என்றும் பெயர்.

எவற்றுக்குக் கடன் சொல்லவேண்டும்? சொல்லுக்குச் சொல் எடுத்த தொடருக்கு மேற்கோட் குறியும் நூற்குறிப்பும் இரண்டும் வேண்டும். தன் சொல்லில் மாற்றி எழுதிய கருத்துக்கும் நூற்குறிப்பு வேண்டும், கருத்து பிறருடையதாதலின். அட்டவணை, படம், புள்ளிவிவரம் ஆகியவற்றுக்கும் அங்ஙனமே. எல்லாரும் அறிந்த செய்திக்கு வேண்டுவதில்லை. குடாநாட்டு மக்கள் கிணற்று நீரை நம்பி வாழ்கின்றனர் என்று எழுத எந்த நூலையும் சாட்சிக்கு அழைக்கவேண்டாம். இன்ன ஊர்க் கிணற்றிலே இன்ன ஆண்டில் இன்ன உப்பு இவ்வளவு இருந்தது என்று எழுதினாலோ, அதை அளந்தவர் யார் என்று சொல்லியே ஆகவேண்டும்.

இவ்விடத்தில் மாணவர் பலர் ஒரு குறுக்குவழி தேடுகின்றனர். நூலிலுள்ள பந்தியை எடுத்து, 'மிகவும்' என்பதைப் 'பெரிதும்' என்றும், 'ஆகவே' என்பதை 'எனவே' என்றும் மாற்றி, வாக்கியங்களின் முறையைச் சிறிது புரட்டி, தம் எழுத்தென ஒப்படைக்கின்றனர். களவெடுத்த சைக்கிளுக்கு வேறு நிறம் பூசினால் அது சொந்தமாகிவிடுவதில்லை. ஆங்கில நூற்பந்தி ஒன்றைத் தமிழிலே பெயர்த்துத் தமதென வைப்பது இதனினும் தந்திரமானது. கணினியின் ஒப்பீட்டுக் கருவிக்கும் அது எளிதில் அகப்படாது. தமிழிற் படிப்போரிடையே இப்பழக்கம் அதிகம். குற்றம் என்ற எண்ணமோ குறைவு. மொழிபெயர்த்த உழைப்பு மாணவனுடையது என்பது மெய். எண்ணிய உழைப்பு வேறொருவருடையது என்பதும் மெய்யே.

இதற்கெல்லாம் மாணவனை மட்டும் நோவது முறையன்று. பாடசாலைகளும் ரியூசன் கொட்டகைகளும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளாக அவனுக்குப் பழக்கியது யாது? ஆசிரியர் தந்த குறிப்பை எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தவனுக்கே புள்ளியும் புகழும் கிடைத்தன. 'மாதிரிக் கட்டுரை' என்ற பெயரால் ஒருவர் எழுதியதை ஓராயிரம் பிள்ளைகள் தம் விடைத்தாளிலே தமதென எழுதினர். அதற்குப் பரிசும் பெற்றனர். அங்ஙனம் வளர்ந்த பிள்ளையைப் பல்கலைக்கழகம் முதல் மாதத்திலேயே, நீ எழுதியது யாருடையது என்று வினவுகின்றது. பிள்ளை திகைக்கிறது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியவற்றை ஆங்கிலத்திலே படிக்கும் மாணவனுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. நூலிலுள்ள வாக்கியம் திருத்தமாக இருக்கின்றது; தான் எழுதும் வாக்கியம் பிழைபடுகின்றது. நகைப்புக்கு அஞ்சி நூல் வாக்கியத்தையே அவன் எடுத்து வைக்கிறான். இது கள்வனின் மனமன்று, கூச்சமுடையவனின் மனம். எனினும் விதியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆதலின் பிழையுள்ள சொந்த வாக்கியம் பிழையற்ற இரவல் வாக்கியத்தினும் மேலானது என்பதைப் பாடசாலையிலேயே பிள்ளைக்குச் சொல்லி, அதற்கேற்பப் புள்ளியும் இடுதல் ஆசிரியர் கடன்.

மனனம் செய்தலையே பழிப்பதும் தவறு. சண்டிலிப்பாயிலே கோயில்கொண்ட கல்வளைப் பிள்ளையார்மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் 18ஆம் நூற்றாண்டிலே பாடிய கல்வளையந்தாதியை எடுத்துக்கொள்ளலாம். அது யமகச் செய்யுள். ஒரே ஓசை மடக்கி மடக்கி வர, பொருள் வேறு வேறாகப் பிரியும். அதனை நெட்டுருப் பண்ணாமல் அனுபவித்தல் இயலாது. நெட்டுரு மாத்திரம் பண்ணியவனுக்கோ ஓசையன்றி வேறொன்றும் கிடைப்பதில்லை. பழைய திண்ணைப் பள்ளியிலே செய்யுளை ஒப்புவித்த பிள்ளை, அது இன்ன புலவர் பாடியது என்பதையும் உடன் சொல்லிற்று. புலவர் பெயரை விட்டுவிட்டுத் தன் பாட்டென்று அது சொன்னதில்லை.

உண்மையில், கடன் சொல்லும் வழக்கம் தமிழருக்கு மேனாட்டார் கொணர்ந்து தந்ததன்று. தொல்காப்பியர் விதிகள் பலவற்றைச் சொல்லும்போது 'என்ப' என்னும் ஒரு சிறு சொல்லை வைத்துப் போகின்றார். முன்னோர் இவ்வாறு கூறுவர் என்பது அதன் பொருள். நூலுக்குரிய உத்திகளை எண்ணும்போது தன்கோட் கூறல் என ஒன்றும், பிறன்கோட் கூறல் என ஒன்றும் அவர் வேறு வேறாக வகுத்தார். தன் கொள்கை இது, பிறன் கொள்கை இது எனப் பிரித்துக் காட்டுதல் நூலாசிரியனுக்கு இன்றியமையாதது என்பது அவ்வகுப்பின் உள்ளீடு. பவணந்தியாரோ நூலை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக்கினார். வழிநூல் செய்வோன் முன்னோர் முடிபை ஏற்று, தன் வேறுபாட்டையும் சேர்க்கலாம், அது இழிவன்று. பிறர் கொள்கைக்கு உடன்படல், அதனை மறுத்தல் முதலாக அவர் சொல்லும் எழுவகை மதங்களுட் பலவும், அப்பிறர் யார் என்பது தெளிந்திருந்தாலன்றி நிகழா. யாருடன் உடன்பட்டான், யாரை மறுத்தான் என்பது தெரியாத கட்டுரையிலே மாணவனின் மதம் எங்கே இருக்கின்றது?

உரையாசிரியர் செய்த உபகாரம் இன்னும் பெரிது. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் தாம் எடுத்துக்காட்டிய செய்யுள்கள் பலவற்றுக்கு அவை வந்த நூலின் பெயரைச் சொல்லி வைத்தார். அந்நூல்களுட் பல இன்றில்லை. செல்லும் நீரும் தின்று போயின. ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. உரைகளிலும் தொகைநூல்களிலும் எடுத்தாளப்பட்ட சில செய்யுள்களாலேயே அவை அறியப்படுகின்றன. எடுத்தவர்கள் பெயர் சொல்லாது எடுத்திருந்தால் அக்காப்பியங்களின் சுவடும் அழிந்திருக்கும். 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் எவை வேறெங்கும் இல்லாதவை என்பதை அறிய முயல்வோர்க்கு, முன்னைய ஆய்வாளர் தம் நூல்களின் கடைப்பக்கங்களிலே எழுதிவைத்த உசாத்துணைப் பட்டியல்களும் வழிகாட்டுகின்றன. சலிப்போடு எழுதப்படும் அந்தப் பட்டியல் ஒரு நாள் இத்தகைய வேலைக்கும் உதவும்.

இனி, நேர்மையாகப் படிக்கும் முறை யாதெனில், அது பெரும்பாலும் குறிப்பெடுக்கும் முறையே. களவு எழுதும்போது நிகழ்வதில்லை. பல வேளைகளில் மூன்று மாதத்துக்கு முன் நூலகத்திலே குறிப்பெடுத்தபோதே நிகழ்ந்துவிடுகின்றது. மாணவன் நூலிலிருந்து சில வரிகளைக் கொப்பியிலே பெயர்த்தெழுதுகிறான். நூற்பெயர் எழுத மறந்துவிடுகிறான். பின்னர் கொப்பியைத் திறக்கும்போது எல்லாம் தன் கையெழுத்தாகவே இருக்கின்றது. தன் கையெழுத்து தன் கருத்தென மயங்குகிறான்.

இம்மயக்கம் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் நன்கறிந்தது. சுவடியிலே புள்ளியில்லை, பந்தியில்லை; மூலமும் உரையும் மேற்கோளும் ஒரே நீரோட்டமாக ஓடும். சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்று, 1857இலே நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இத்தகைய ஏடுகளோடு போராடிக் கழித்தார். மற்றொரு பட்டதாரியாகிய விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. தாமோதரம்பிள்ளை 1868இலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டபோது, அதனைப் பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர் என்பதை மறையாது அறிவித்தார். பின்வந்த பதிப்புக்களிலும் ஏடு உதவியோரை நன்றியோடு பெயர் சுட்டினார். நாவலர் பெயரைச் சொன்னதனால் தாமோதரம்பிள்ளையின் பெயர் குறைந்துவிடவில்லை.

மாணவன் தன் கொப்பி அந்த ஏடுபோல ஆகாதபடி காத்துக்கொள்வது எளிது. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு. ஓரத்திலே பக்க எண். சொல் மாறாமல் எடுத்ததற்கு அவ்விடத்திலேயே மேற்கோட் குறி. கருத்தைத் தன் சொல்லில் எழுத விரும்பினால் நூலை மூடிவிட்டு எழுதவேண்டும். நூல் திறந்திருக்கும்வரை கண் அதன் சொற்களையே தேடும். எழுதி முடித்தபின் நூலைத் திறந்து பொருள் பிசகிற்றா என்று ஒப்புநோக்கலாம். தனக்குத் தோன்றிய எண்ணத்தை வேறு மையினால் எழுதுவது நன்று. ஒரு மாதம் இவ்வாறு பழகியவன் கொப்பியைப் புரட்டும்போது வேற்று மை மிகவும் அரிதாக இருப்பதைக் கண்டு, தான் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை என்பதையும் தானே அறிந்துகொள்வான்.

நண்பருக்கு உதவுவதைப்பற்றியும் ஒரு சொல். "அண்ணை, போன வருஷம் நீங்கள் குடுத்த ஒப்படையை ஒருக்காத் தாருங்கோ" என்று ஊர்ப் பிள்ளை கேட்டால், மறுக்க மனம் வராது. "வாசிச்சுப்போட்டுத் தா, தம்பி" என்று கொடுத்துவிடுவர். அன்பு மெய்யானதே. ஆனால் அது எழுத்து மாறாமல் மீண்டும் ஒப்படைக்கப்பட்டால், கொடுத்தவரும் உடந்தையாகக் கருதப்படுவார். கூடியிருந்து வாதித்தல், ஒருவர்க்கொருவர் விளக்குதல், நூல்களைப் பகிர்தல் யாவும் கற்றலின் சிறந்த பகுதிகள். பேனையை எடுக்கும் நேரத்திலே தனித்துப் போய்விடவேண்டும். குழுவாகச் செய்க என்று விரிவுரையாளரே பணித்த வேலையில் மாத்திரம் இது வேறுபடும். அங்கும் வேலை செய்யாதவன் பெயரை நட்புக்காகச் சேர்த்தல் பொய்யே.

எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. அது சொல்லைத் திருடுவதன்று, எண்ணைப் படைப்பது. வலிகாமத்துக் கிணறுகளின் ஊற்று, நிலத்தடியிலுள்ள சுண்ணக்கற்பாறையின் வெடிப்புக்களிலே தங்கும் மழைநீர். தோட்டங்களுக்கு இடும் பசளையும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்று உப்பாக அந்நீரிற் கலத்தலை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மிஞ்சிய நீரிலே பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலிமையை இழக்கக்கூடும்; குழந்தை நீலம் பாரிக்கும். இனி, 30 கிணறுகளின் நீரைச் சோதிக்கவேண்டிய ஒரு மாணவன் மழைக்கும் வெயிலுக்கும் சலித்து 12 கிணறுகளோடு நிறுத்தினான் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 18க்கும் அயற் கிணற்றைப் பார்த்து ஏறத்தாழ ஒரு தொகையை இட்டு நிரப்பினான். அட்டவணை அழகாக முடிந்தது, புள்ளியும் கிடைத்தது. அவ்வாய்வேடு நூலகத் தட்டிலே ஏறியபின், அடுத்த ஆண்டு வருபவர் அதை நம்பி எடுப்பார். அவர் முறையாக அடிக்குறிப்பும் இடுவார். நேர்மையான அடிக்குறிப்பு ஒன்று இல்லாத கிணற்றைச் சுட்டி நிற்கும். அவ்வீட்டுத் தாய் அந்த நீரைப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருப்பாள். 12 கிணறுகளே சோதிக்கப்பட்டன, காரணம் இது என்று எழுதியிருந்தால் ஒரு சில புள்ளிகள் குறைந்திருக்கும், அவ்வளவே.

அகப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்போரும் உளர். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக்குழு 2018இலே விதித்த ஒழுங்கின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம்வரையுள்ள ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை திருத்தி மீள ஒப்படைத்தல். 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். இவ்வளவுகளைச் சிலர் பிழையாக விளங்கிக்கொண்டு, பத்துச் சதவீதம் களவெடுக்க அனுமதி என்கின்றனர். கணினி எண்ணுவது ஒத்த சொற்களை, களவை அன்று. முறையாக மேற்கோள் காட்டிய பந்தியும் ஒத்த சொல்லே. ஜேர்மனியின் பாதுகாப்பு அமைச்சராயிருந்த குற்றன்பேர்க் 2011இலே கலாநிதிப் பட்டத்தையும் பதவியையும் இழந்தார். ஈராண்டுக்குப் பின் அந்நாட்டுக் கல்வி அமைச்சர் சவானின் பட்டம் பறிக்கப்பட்டது. அவர் ஆய்வேடு எழுதியது 1980இலே. முப்பத்துமூன்று ஆண்டுகள் அது நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. அவ்வாய்வின் பொருள், வேடிக்கையாக, மனச்சாட்சி!

2022ஆம் ஆண்டின் இறுதிமுதல், கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் மாணவர் கையில் வந்துவிட்டன. அவற்றை எந்த அளவுக்கு ஏற்பது என்பதிலே பல்கலைக்கழகங்கள் ஒரே நெறியில் இல்லை; ஒரு துறை அனுமதிப்பதை இன்னொரு துறை விலக்குகின்றது. ஆதலின் அந்தந்த விரிவுரையாளரிடம் முன்னரே கேட்டறிதலும், பயன்படுத்தினால் அதைச் சொல்லிவிடுதலும் வேண்டும். இக்கருவிகள் எவரும் எழுதாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்கமும் புனைந்து தருவதுண்டு. நூலகத்திலே போய்ப் பார்த்த நூலையன்றி வேறெதனையும் பட்டியலிற் சேர்க்காதவனை அவை ஏமாற்ற இயலா.

களவுகளுட் பல, ஒப்படைக்கவேண்டிய நாளுக்கு முந்திய இரவிலேயே பிறக்கின்றன. நோய், வீட்டுத் துக்கம், பேருந்து வராமை, வெறுஞ் சோம்பல் என்று காரணம் எதுவாயினும், அவ்விரவிலே மாணவனுக்கு இரண்டு வழிகள் உள்ளன. விரிவுரையாளரிடம் காலைப்பொழுதிலே போய், இன்னும் முடியவில்லை, தவணை வேண்டும் என்று சொல்லலாம். அவர் கொடுத்தாலும் கொடுப்பார், மறுத்தாலும் மறுப்பார், புள்ளி குறைத்தாலும் குறைப்பார். மற்றைய வழியிற் சென்றவன் நாள் தப்பாமல் ஒப்படைத்துவிடுவான். பின்னர் வாய்மொழிப் பரீட்சையிலே, மேசைக்கு அப்பாலிருப்பவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாலாம் அட்டவணையின் ஏழாம் வரி எங்கிருந்து வந்தது?" என்று சாதாரணமாகவே கேட்பார். கொப்பி வைத்திருப்பவன் அதைத் திறந்து பக்கத்தைக் காட்டுவான்.